பறவை வரும் மாதம்

மருத்துவமனையில் அவருக்கு மூச்சுப்பிடி என்று பெயர். எக்ஸ்ரே அறைக்குள் யார் வந்தாலும், "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க" என்று ஒரே ராகத்தில் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர். நர்சுகள் முகத்துக்கு நேரே சார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால், "என்னடி, இன்னைக்கு மூச்சுப்பிடிப்பு வந்தாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவர் காதிலும் விழும். கண்டுகொள்ள மாட்டார்.

வீட்டில் அவரும் மனைவியும், அவருடைய அக்காவும். அக்கா டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரார் பேசுவதை எல்லாம் வேலைக்காலம் முழுக்கக் கேட்டாயிற்று, இனிமேல் யார் பேச்சும் புரியாத இடமாகப் பார்த்து உட்காரப் போகிறேன் என்று சொல்லித்தான் பறவை பார்க்கப் போனார். முதலில் வீட்டுக்குப் பக்கத்து ஏரி. பிறகு உப்பளம், கழிமுகம் என்று தூரம் கூடியது. "வயசுக்காலத்துல எல்லாரும் கால் வலின்னு உட்கார்வாங்க, உங்க அக்காவுக்கு மட்டும் இப்பதான் கால் முளைச்சிருக்கு" என்பாள் அவர் மனைவி.

அக்காவுக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றுதான். துறைமுக ஊரிலிருந்து படகில் அரை நாள் போனால் கடலுக்கு நடுவே சில பாறைத் தீவுகள் உண்டு. மனிதர்கள் கிடையாது, மரமும் கிடையாது. வெயில் ஏறும் மாதங்களில் மட்டும் ஆலா என்னும் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து முட்டையிடும். குஞ்சு பறக்கத் தொடங்கியதும் எல்லாம் கிளம்பிவிடும். தீவில் இறங்க விடமாட்டார்கள். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு படகிலிருந்தபடியே சுற்றிப் பார்க்கலாம்.

"தம்பி, நீயும் வர்றே" என்றார் அக்கா.

"எனக்குக் காக்காயும் குருவியும்தான் தெரியும்."

"தெரியாதவனுக்குத்தானே காட்ட முடியும்? ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. அங்க மேலே அண்ணாந்து பார்க்கும்போது வாயை மூடிக்கணும். உனக்கு அது கொஞ்சம் கஷ்டம்."

பயண ஏற்பாடுகள் அமர்க்களமாக நடந்தன. படகுக்காரரிடம் அக்கா வாரம் தவறாமல் போனில் பேசுவார். காற்று எந்தப் பக்கம், படகில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, மோட்டாரை நிறுத்திவிட்டு மிதக்க முடியுமா என்று ஆயிரம் கேள்வி. படகில் தடுமாறக் கூடாது என்று, சமையலறையில் ஒற்றைக் காலில் நின்றபடி பாத்திரம் துலக்கிப் பழகினார். "அண்ணி, நீங்க விழுந்தா விழுங்க, அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை மட்டும் கீழே வச்சுடுங்க" என்று மனைவி கத்துவாள்.

வறட்டு இருமல் ஒன்று அக்காவை விடாமல் பிடித்துக்கொண்டது அப்போதுதான். கஷாயம், மாத்திரை எதற்கும் மசியவில்லை. கடலுக்குப் போகத் தயாராகும் நேரத்தில் இது என்ன தொல்லை என்று மூச்சுப்பிடியே அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். தாடையை நிமிர்த்தி, தோள்களை முன்னால் தள்ளி, பலகையோடு நெஞ்சைச் சேர்த்து நிற்க வைத்தார்.

"மூச்சை இழு, அக்கா. பிடி."

"வீட்டுல இவ்வளவு அதிகாரமா நீ பேசினதே இல்லையேடா" என்றார் அக்கா.

படம் திரையில் வந்தது. வலது நுரையீரலின் மேற்பக்கம், இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு. இப்படிப்பட்ட படங்களை எத்தனையோ எடுத்து உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அன்று, உள்ளே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அக்கா வெளியே வருவதற்குள் திரையை அணைத்தார்.

"என்னடா இருக்கு?"

"டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்."

மற்ற பரிசோதனைகளும் முடிந்தபிறகு டாக்டர் தம்பியைத் தனியாக அழைத்துச் சொன்னார். பரவிவிட்டது. அடுத்த வெயில் காலம் வரை தாங்கினால் பெரிது. அக்காவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, மருந்தில் சரியாகிவிடும் என்று அக்காவிடம் சொல்லப்பட்டது. மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

பறவைகள் வர இன்னும் பல மாதங்கள் இருந்தன. யாரிடமும் கேட்காமல் படகுக்காரருக்குப் போன் செய்தார்.

"இப்பவே கூட்டிட்டுப் போக முடியுமா?"

"இப்பவா? பாறைதான் சார் இருக்கும். ஒரு இறகுகூடப் பார்க்க முடியாது."

"பரவாயில்லை. தீவையாவது பார்த்துக்கட்டும்."

அன்று மாலை அக்கா கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். இவர் போய் எதிரில் நின்று, வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததை ஒப்பித்தார்.

"அக்கா, இந்த வருஷம் பறவையெல்லாம் சீக்கிரமே வந்துடுச்சாம். அடுத்த வாரமே போயிடலாம். லீவு சொல்லிட்டேன்."

"யாரு சொன்னா?"

"படகுக்காரர்தான்."

"அவர் சொல்லியிருக்க மாட்டார்." அக்கா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த மாசத்துல அதுங்க எங்கேயோ நடுக்கடல்ல இருக்கும். தீவுல ஒண்ணுகூட இருக்காது. நீ எதுக்குடா இப்போ இப்படி ஆலாப் பறக்குறே?"

வேறு சமயமாக இருந்தால், பறவையைப் பற்றிய பேச்சில் அந்தச் சொல் வந்து விழுந்ததற்கு அவரே முதலில் சிரித்திருப்பார். இப்போது சிரிப்பு வரவில்லை. அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த துண்டை மெல்லக் கீழே வைத்தார்.

"அன்னைக்குப் படத்துல என்னடா பார்த்தே?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சொல்ல வேண்டியதை அழுகை சொன்னது. அக்கா அவர் தலையில் கை வைத்தார்.

"எதுவரைக்கும்னு சொன்னாங்க?"

"வெயில் காலம் வரைக்கும் கஷ்டம்னு..."

"பறவை வர்றதும் அப்பதானே" என்றார் அக்கா. "காலித் தீவைப் பார்க்க நான் வரமாட்டேன். அது வர்ற வரைக்கும் இருக்கப் பார்க்கறேன். முடிஞ்சா போவோம்."

மறுபடி துணி மடிக்கத் தொடங்கினார். ஆனால் ஒரே சட்டையைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.

சிகிச்சை தொடங்கியது. முடி கொட்டியது. கடலுக்கென்று வாங்கிய வெள்ளைத் தொப்பியை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டார். உடம்பு இளைக்க இளைக்கப் பயணப் பேச்சு மட்டும் பெருத்தது. பறவைப் புத்தகத்தை விரித்துத் தம்பிக்குப் பாடம் எடுப்பார். முதுகு கறுத்து நெற்றி வெளுத்தது ஒரு ஆலா, வால் பிளந்தது இன்னொன்று, ஆலாவின் வாயிலிருந்தே மீனைப் பிடுங்கித் தின்னும் பெரிய பறவை வேறு. இவர் தினமும் மாற்றிச் சொல்லித் திட்டு வாங்குவார். மனைவி கதவோரம் நின்று கேட்டே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டாள்.

டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டி அக்கா இருந்தார். வெயில் ஏறியது. ஒரு காலையில் படகுக்காரர் போன் செய்தார். "அம்மாகிட்ட சொல்லுங்க சார், வந்துடுச்சு. தீவே தெரியலே."

அக்காவால் அப்போது தலையணை இல்லாமல் உட்காரக்கூட முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது.

"நீ போயிட்டு வா" என்றார் தம்பியிடம்.

"உன்னை விட்டுட்டு நான் அங்க போய் என்னக்கா பண்ணப்போறேன்?"

"பார்க்கப்போறே. பார்த்துட்டு வந்து சொல்லு."

"நான் இருக்கேன், நீங்க கிளம்புங்க" என்றாள் மனைவி.

வனத்துறை அனுமதி கிடைக்க ஒன்றரை மாதம் ஆனது; கிடைத்ததும் அவர் போனார். கடல் அவரைப் புரட்டியெடுத்துவிட்டது. தீவு வருவதற்கு முன்பே நாற்றம் வந்தது. அதன்பின் சத்தம். ஒரு பெரிய சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சண்டை போடுவதுபோல ஒரு சத்தம். பாறை முழுக்க எச்சத்தால் வெளுத்திருந்தது. தலைக்குமேல் வானம் கிழிந்த காகிதமாகப் பறந்தது. எது வால் பிளந்தது, எது நெற்றி வெளுத்தது, ஒன்றும் விளங்கவில்லை. அக்கா பார்க்க வேண்டியதைத் தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே கண்ணை மறைத்தது. போனில் கொஞ்சம் வீடியோ எடுத்தார்; படகு ஆடியதில் படம் கலங்கிப்போய், சத்தம் மட்டும்தான் பதிவாகியிருந்தது. திரும்பி வந்துவிட்டார்.

அக்கா காத்திருந்தார். போனைக் காதோடு வைத்துக் கேட்டார்.

"இது மோட்டாரு."

"ஆமா."

"இது என்ன பறவை?"

"அது... நான் வாந்தி எடுத்தது."

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு கேள்விகள் வந்தன. முட்டையா, குஞ்சா? குஞ்சு என்ன நிறம்? கறுப்பு முதுகு அதிகமா, பழுப்பா? ஒவ்வொன்றுக்கும், "சரியா கவனிக்கலேக்கா" என்றார்.

"போயும் போயும் உன்னை அனுப்பினேன் பாரு" என்று அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நோய் தெரிந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அப்போது தோள் குலுங்க அழுதார். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். என்ன செய்வது என்று தெரியவில்லை. மனைவி உள்ளே வந்து, அவரை வெளியே போகச் சொல்லிவிட்டு அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது அவருக்குச் சட்டென்று ஒன்று நினைவு வந்தது. வாய் நுரையோடு ஓடிவந்தார்.

"அக்கா, ஒண்ணு பார்த்தேன். வாயில மீனோட ஒரு பறவை இறங்குச்சு. சுத்தி ஏகப்பட்ட குஞ்சு. எல்லாமே ஒரே மாதிரி சாம்பல் நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. எல்லாம் வாயைத் திறந்துட்டு ஓடி வருது. அது ஒண்ணுக்கும் குடுக்கலே. தள்ளிட்டு தள்ளிட்டு, கத்திக்கிட்டே நடந்து போச்சு. தன்னோடதைத் தேடுது."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். கண்ணில் பழைய வெளிச்சம் கொஞ்சம் தெரிந்தது. "புள்ளி போட்டதா? அப்போ அது கறுப்பு முதுகு ஆலாதான். கண்டுபிடிச்சுச்சா?"

"தெரியலேக்கா. அதுக்குள்ள படகைத் திருப்பிட்டாரு."

"கண்டுபிடிச்சிருக்கும்" என்றார் அக்கா. "அதுங்களுக்குக் குரல் தெரியும்."

அந்த வாரம் முழுக்க அதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். எப்படி நடந்தது, எப்படித் தள்ளியது என்று அவரும் அறைக்குள் நடந்து காட்டினார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மனைவியிடமிருந்து போன் வந்தது. அவர் முன்னால் ஒரு முதியவர் பலகையில் தாடையை வைத்து நின்றிருந்தார். செய்தியைக் கேட்டுவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டார். அந்தப் படத்தை எடுத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே பிறகு தெரியவில்லை. முதியவர் வெளியே வந்து, "எக்ஸ்ரே எடுக்கிறவரு அழுதுக்கிட்டே எடுத்தாரு, எனக்கு ஏதோ பெருசா இருக்குபோல" என்று பயந்துபோய் நர்சிடம் கேட்டாராம்.

மறுவருடம் வெயில் ஏறியதும் படகுக்காரர் கூப்பிட்டார். அக்கா இல்லை என்று இவர் சொன்னார். "நீங்களாவது வாங்க சார்" என்றார் அவர். தனியாகக் கிளம்பத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது மனைவியும் தன் பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"உனக்குத்தான் கடல் ஒத்துக்காதே?"

"ஒத்துக்காது. ஆனா அண்ணி இல்லாம நீங்க தனியா அங்க போய் நிக்க வேண்டாம்."

துறைமுகத்தைத் தாண்டியதுமே அவளுக்குத் தலை சுற்றத் தொடங்கியது. தீவின் இரைச்சல் கேட்டபோது படகின் விளிம்பில் கவிழ்ந்து கிடந்தாள். அவர் ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். தலைக்குமேல் பறவைகள் சுற்றின.

"என்னங்க இருக்கு மேலே? சொல்லுங்க" என்றாள் அவள், குனிந்தபடியே.

அவர் அண்ணாந்து பார்த்து, தெரிந்தவரையில் சொல்லத் தொடங்கினார்.