டார்ச்சம்மா ஏறிய ஏழு மாடி

“என் மூளை சரியாத்தான்டி இருக்கு. உங்க கட்டடத்துக்குத்தான் கழண்டு போச்சு!”

டார்ச்சம்மா இப்படிக் கத்தியது மகளிடம். மகள் வாசலில் நின்று கையை நீட்டி வீட்டுச் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, மூணு வாரத்துல நாலு தடவை மேல்வீட்டுக் கதவைப் போய் நோண்டியிருக்க. அந்த மனுஷன் பாவம், விடியறதுக்கு முன்னாடியே ரொட்டி சுடப் போறவர். பகல்லதான் தூங்குறார். சாவியைக் குடு.”

“குடுத்துட்டு? நாள் பூரா ஜன்னல்ல உக்காந்து புறா எண்ணவா?”

“டாக்டர் பாத்துச் சொல்ற வரைக்கும்தான்.”

சாவியைக் கையில் கொடுக்கவில்லை. செருப்புப் பலகைமேல் விட்டெறிந்தாள்.

டார்ச்சம்மா என்ற பெயர் சும்மா வந்ததில்லை. முப்பத்தொரு வருடம் ஒரு சினிமாத் தியேட்டரில் டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைத்தவள். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. எண் மட்டும் தெரியும். வரிசைக்குப் போட்ட இங்கிலீஷ் எழுத்துகளை உருவத்தை வைத்துப் பிடித்துக்கொண்டாள்: கூரை மாதிரி இருப்பது முதல் வரிசை, இரண்டு தொப்பை உள்ளது அடுத்தது. டார்ச்சில் பேட்டரி தீர்ந்தாலும் கவலையில்லை. நாற்காலி முதுகுகளைத் தடவி எண்ணிக்கொண்டே போவாள். பாதிப் படத்தில் வந்து அதட்டுகிறவன், அடுத்தவன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு நகராதவன், இருட்டை நம்பி வந்த ஜோடி, அத்தனை பேரையும் மேய்த்தவள். ஒரு ஆளைக்கூடத் தப்பான சீட்டில் உட்கார வைத்ததில்லை.

மேலே படம் காட்டும் மெஷினை ஓட்டியது அவள் புருஷன். அவர் போய்ச் சேர்ந்தார். இரண்டே வருடத்தில் தியேட்டரையும் மூடிவிட்டார்கள். கடைசி நாள் முதலாளி டார்ச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முப்பத்தொரு வருடம் கையிலேயே இருந்த சாமான், அவளுடையது இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம் வெளிநாட்டிலிருந்து மகள் டிக்கெட் அனுப்பினாள். எழுபத்தொரு வயதில் விமானம் ஏறினாள்.

இங்கே வந்து பார்த்தால் எட்டுக் கட்டடம், எட்டும் ஒரே அச்சு. கதவெல்லாம் ஒரே பச்சை. கதவில் வீட்டு நம்பர் மட்டும் இருக்கும். மாடி நம்பர் லிஃப்ட் பக்கத்தில்தான். மகள் வீடு ஏழாவது மாடி, நாலாம் நம்பர். முதல் மாதமே லிஃப்ட் அவளை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தனியாகப் போனால் படிதான். தியேட்டர் பால்கனிப் படி ஏறி ஏறி உரம் ஏறின முட்டி, அதற்கு ஒரு கேடும் இல்லை.

காய்கறி வாங்கிக்கொண்டு ஏறுவாள். நாலாம் நம்பர் கதவில் சாவியைப் போட்டால் திரும்பாது. ரொட்டிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறப்பார், நல்லவேளை அவரும் தமிழ்.

“அம்மா, இது எட்டாவது மாடி. உங்க வீடு கீழ.”

முதல் தடவை சிரித்தாள். இரண்டாவது தடவை மன்னிப்புக் கேட்டாள். மூன்றாவது தடவை, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு விரலை மடக்கி, மூச்சை அடக்கி, சரியாக ஏழு எண்ணி ஏறினாள். அதே ரொட்டிக்காரர். நாலாவது தடவை அவர் வாயைத் திறக்கும் முன்பே தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். படியில் உட்கார்ந்தாள். எண்ணிக்கையே போய்விட்டதென்றால் அப்புறம் தன்னிடம் என்னதான் மிச்சம்? 

டாக்டரம்மா மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பென்சிலைக் கொடுத்து, முள் வைத்த கடிகாரம் வரையச் சொன்னாள். டார்ச்சம்மா பென்சிலைத் துடைப்பத்தைப் பிடிப்பது மாதிரி பிடித்தாள். மகள்தான் இடையில் உட்கார்ந்து மாற்றி மாற்றிச் சொன்னாள்.

“இன்னிக்கு என்ன தேதின்னு கேக்குறாங்கம்மா.”

“வியாழக்கிழமை. தேதி எனக்கு எதுக்கு? படம் மாறுறது வெள்ளிக்கிழமை.”

“நம்ம வீடு எத்தனையாவது மாடின்னு கேக்குறாங்க.”

“ஏழு.”

மூன்று வார்த்தையில் ஒன்று தப்பியது. கடிகாரம் அவித்த முட்டை மாதிரி வந்தது. மாடி தெரிகிறது, வீடு தெரியவில்லை, அதுதான் கவலை என்றாள் டாக்டரம்மா. ஒரு மாதம் கழித்துக் கூட்டி வா, அதுவரை தனியாக அனுப்பாதே என்றாள்.

பத்து நாள் ஜன்னல்தான். புறாவையும் எண்ணவில்லை. எண்ணப் பயம்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் சந்தைக்குப் போய்த் திரும்பினால், லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாப்பிள்ளை வெங்காய மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டார். மகள் இரண்டாவது மாடியிலேயே இரைக்க ஆரம்பித்தாள். டார்ச்சம்மா முன்னால் போனாள். கால் எண்ணிக்கொண்டே போனது, அவள் கேட்காமலே.

“வந்தாச்சு, அம்மா நில்லு” என்றாள் மகள், படிக்கட்டுக் கதவைத் தள்ளி, லிஃப்ட் பக்கத்தில் இருந்த ஏழைப் பார்த்துவிட்டு.

“எங்கடி வந்தாச்சு? ஆறுதான் ஆகுது. இன்னும் ஒண்ணு ஏறணும்.”

மகள் முகம் சுண்டிப்போனது. “பாத்தீங்களா?” என்றாள் புருஷனிடம். “என் கூட ஏறும்போதே தப்பா எண்ணுது.”

மாப்பிள்ளை மூட்டையைக் கீழே வைத்தார். கம்பிக்கு மேலாகத் தலையை நீட்டிப் படிக்கட்டின் அடிவரை பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு சிரித்தார் பாருங்கள், படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது.

“ஏய், அத்தை கரெக்ட். ஏறுனது ஆறுதான். இங்க தரையோட இருக்கறதையே ஒண்ணுன்னுல்ல சொல்றாங்க! நம்ம பக்கம் அதைக் கணக்குலயே சேக்க மாட்டோம். அத்தை ஏழு ஏறுனா எட்டுலதான் போய் நிப்பாங்க.”

மகளுக்குத் தெரியாத விஷயமா? வந்த புதிதில் தெரிந்தது. ஒன்பது வருடமாக ஏழு என்ற பொத்தானை அமுக்கி அமுக்கியே மறந்துபோனாள். படியை மிதித்தால்தானே! மூச்சிரைக்க அங்கேயே உட்கார்ந்தாள்.

“ஏன்டி, மறதி எனக்கா உனக்கா?” என்றாள் டார்ச்சம்மா. “உன்னையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகவா? முட்டை வரையச் சொல்வாங்க.”

மகள் சிரித்தாள், அழுதாள், பையைத் துழாவிச் சாவியை எடுத்தாள். இந்தத் தடவை கையில் வைத்தாள்.

அடுத்த மாதம் டாக்டரம்மாவும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். மூன்று வார்த்தையில் அன்றைக்கும் ஒன்று தப்பியது, அதை மறைப்பானேன். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று டார்ச்சம்மா தேடத்தான் செய்கிறாள், சில நாள் தலையிலேயே இருக்கும். வயசுக்கு உள்ள மறதிதான், வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்போம், நடப்பதை நிறுத்தாதீர்கள் என்றாள் டாக்டரம்மா.

நிறுத்தவில்லை. இப்போது ஆறு எண்ணி நிற்கிறாள். சில நாள் வேண்டுமென்றே ஏழாக ஏறி, ரொட்டிக்காரர் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்துக் கதவைத் தட்டுகிறாள்.

“என்னம்மா, மறுபடியும் வழி மறந்துடுச்சா?”

“மறக்கலப்பா. சூடா ரொட்டி இருந்தா குடு.”

ஒரு குறைதான். படிக்கட்டு விளக்கு மூன்றாவது மாடி தாண்டுவதற்குள் தானாக அணைந்துவிடும். இருட்டில் தடுமாறுகிறவர்கள் அவளுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள், தியேட்டரில் நின்ற மாதிரியே. கடைத்தெருவுக்குப் போய், யாரும் திருப்பிக் கேட்க முடியாத டார்ச் ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். கடைக்காரன் பதினைந்து சொன்னான். பேட்டரியும் போட்டு, பதினொன்றரைக்குப் பேரம் முடித்தாள்.