மேட்டுப் பக்கம் திரும்புங்க!

போன வாரம் லைசென்ஸ் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். ஆட்டோவில்! காலாவதியான லைசென்ஸை வைத்துக்கொண்டு அந்த ஆபீஸுக்கே ஸ்கூட்டரில் போகிற வீரம் எனக்குக் கிடையாது.

வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆனாலும் கிளம்பவில்லை. வேலியோரம் நின்று டிரைவிங் டெஸ்ட்டை வேடிக்கை பார்த்தேன். அடுத்தவர் பரீட்சை எழுதுவதைப் பார்க்கிற சுகமே தனி, இல்லையா?

டிரைவிங் ஸ்கூல் காரில் ஒரு பெண்மணி. பெயர் செல்வி. பச்சைமலையிலிருந்து விடியற்காலையே கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்தவர். பக்கத்து சீட்டில் இன்ஸ்பெக்டர்.

"லெஃப்ட்ல திருப்புங்கம்மா."

கார் ரைட்டில் போனது. இன்னொரு ரவுண்டு. "லெஃப்ட்டும்மா, லெஃப்ட்டு!" மறுபடியும் ரைட்.

இன்ஸ்பெக்டர் வண்டியை வேலியோரம் நிறுத்தச் சொல்லி இறங்கினார். "லெஃப்ட், ரைட்டே தெரியல. அடுத்த மாசம் வாங்க."

"முடியாதுங்க சார்."

அடடா! நான் வேலிக்கு இன்னும் நெருங்கினேன்.

"எங்க ஊருக்கு ஒரு நாளைக்கு ரெண்டே பஸ்ஸு. போன மழையில எங்க அண்ணிக்குப் பிரசவ வலி. பஸ் வர்ற வரைக்கும் ரோட்டோரம் உக்காந்திருந்தோம். வீட்ல ஜீப் நிக்குது... லைசென்ஸுதான் ஒருத்தர்கிட்டயும் இல்ல. இன்னைக்கு வாங்காம மலையேற மாட்டேன்."

"அதுக்கு லெஃப்ட் தெரியணுமேம்மா?"

"சோத்தாங்கை எதுன்னு எனக்குத் தெரியாதா சார்? ஸ்டியரிங்கைப் பிடிச்சா ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடுது. எங்க ஊர்ல மேட்டுப் பக்கம் திரும்பு, பள்ளத்துப் பக்கம் திரும்புன்னுதான் சொல்லுவோம். உங்க கிரவுண்டு இப்படித் தட்டையாக் கிடந்தா நான் என்ன பண்றது?"

இதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"சார், நான் ஸ்ரீரங்கம். எனக்கும் லெஃப்ட், ரைட் சட்டுன்னு வராது. எங்க தெருவெல்லாம் கிழக்கு, மேற்குதான். சமையல்கட்டுல கூட என் மனைவி 'உப்பு டப்பாவை வடக்கே நகர்த்துங்க'ன்னுதான் சொல்லுவா. ஆமா, உங்க வீடு எங்க சார்?"

"திருவெறும்பூர். எதுக்கு?"

"எப்படி வரணும்?"

"ஃபேக்டரி கேட்டைத் தாண்டினதும் தஞ்சாவூர் பக்கம் திரும்பி..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"இதுல லெஃப்ட் எங்க சார் இருக்கு?" என்றார் செல்வி.

இன்ஸ்பெக்டர் என்னை முறைத்தார். எனக்குக் கொடுத்த லைசென்ஸைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று சட்டைப்பையைப் பொத்திக்கொண்டேன்.

"கடைசியா ஒரு ரவுண்டு. அதுலயும் தப்பு பண்ணினா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

செல்வி வேலி வழியாகக் கையை நீட்டினார். "அண்ணே, அந்த வாட்சைக் கழட்டுங்க."

கழற்றினேன். இடது கையில் கட்டிக்கொண்டார். "இந்தக் கைதான் இன்னைக்கு மேடு!"

அப்புறம்? லெஃப்ட் என்றால் லெஃப்ட். ரைட் என்றால் ரைட். ரிவர்ஸில் எட்டு கூடப் போட்டிருப்பார், இன்ஸ்பெக்டர்தான் கேட்கவில்லை. பாஸ்!

நாலு வீதியும் நாற்பது சிக்னலும் வைத்திருப்பவர்கள் போட்ட பரீட்சை இது. நாலு வீடும் நாற்பது வளைவும் உள்ள மலையில் ராத்திரி மழையில் ஜீப்பை இறக்கிக் காட்டச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் பாஸாவோம்? நான் முதல் வளைவிலேயே இறங்கி நடப்பேன்.

செல்வி வாட்சைத் திருப்பிக் கொடுத்தார். "கட்டிக்குங்கண்ணே. உங்களுக்குத்தான் தேவைப்படும். எனக்கு எங்க மலை இருக்கு."

திரும்புகிற வழியில், அம்மாமண்டபம் தாண்டியதும் ஆட்டோக்காரர் கேட்டார்: "லெஃப்ட்டா, ரைட்டா சார்?"

கையிலிருந்த வாட்சைப் பார்த்தேன். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"கிழக்கே திருப்புப்பா!"