ஆயிரத்திலிருந்து நூற்றுக்கு இறங்கிய மதியம்

கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண்ணடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று கண்ணடிப்பதை நிறுத்திக்கொண்டது. ஏற்காட்டில் ஒரு சின்ன ஓட்டலின் வரவேற்பறை. கண்ணாடிக்கு வெளியே மழை. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று முன்வரை உயிரோடிருந்த கோடு அது. நான்தான் ஒரு கட்டளையைத் தட்டி, எண்டரைச் சுண்டுவிரலால் அழுத்தினேன், ஒரு ஸ்டைலுக்காக. அவ்வளவுதான். திரை உறைந்தது. ஓட்டலின் இன்டர்நெட் மொத்தமாகப் போனது. 

"ஆச்சுங்களா, இன்ஜினியர்?" என்றார் மேஜைக்குப் பின்னால் நின்றிருந்த மேனேஜர் அம்மா.

"ஆயிட்டே இருக்குதுங்க," என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் ஒரு கட்டை ஏறிவிடும். அது அவருக்கும் தெரியும்.

மேனேஜர் அம்மாவுக்குச் சொந்த ஊர் மலைமேலேயே இருக்கும் வாழவந்தி. சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு துண்டு, கையில் எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கும் போன் என்று மழைக்காலம் முழுவதும் ஒரே கோலத்தில் இருப்பார். அந்த ஓட்டலில் அறை பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக மேனேஜர் ஆனவர். ஓட்டலில் அவர் குரல் கேட்காத மூலை கிடையாது. சேலத்தில் கடை வைத்துக்கொண்டு ஊர் ஊராக கம்ப்யூட்டர் இணைப்புகளைச் சரிசெய்து பிழைக்கும் என்னை முதல் நாளே இன்ஜினியர் ஆக்கிவிட்டார். நானும் மறுக்கவில்லை. சும்மா வருகிற பட்டத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

கோடையில் ஏற்காட்டில் கால் வைக்க இடமிருக்காது. மழை பிடித்துவிட்டால் ஏரிப் படகுகளில் தவளைதான் உட்கார்ந்திருக்கும். ஆள் வராத அந்த மாதங்களில், அறை வேலை பார்க்கும் செம்மநத்தம் கிராமத்துப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லி முதலாளி மலைக்குக் கீழிருந்து போன் செய்வார். காபிப் பழம் பழுக்கும்வரை எஸ்டேட்டிலும் பெரிதாக வேலை இருக்காது. அந்த இடைவெளியை அவர்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்பது மேனேஜர் அம்மாவுக்குத் தெரியும், அவரே அப்படி அனுப்பப்பட்டவர்தான் என்பதால். அந்த வருடம் அவர் முதலாளியிடம் ஒரு யோசனை சொன்னார். "கம்ப்யூட்டர்ல வேல பாக்கறவங்களக் கூட்டியாரலாம்ங்க. அவங்களுக்கு மழையென்ன, வெயிலென்ன? சன்னலுக்கு வெளிய எது இருந்தாலும் திரையத்தான பாக்கறாங்க." முதலாளி அரை மனதாக ஒப்புக்கொண்டார். பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனிக் குழு வரும். அவர்கள் தங்கினால், அதைக் கேட்டு மற்ற கம்பெனிகளும் வரும், பெண்களுக்கு மழை முழுக்க வேலை. தங்காமல் போனால் அந்த வாரக் கடைசியிலேயே எல்லாரும் பையைக் கட்ட வேண்டியதுதான்.

எல்லாம் இன்டர்நெட்டைப் பொறுத்தது. இன்டர்நெட் என்னைப் பொறுத்தது. இப்படிப்பட்ட சங்கிலியில் என்னை ஒரு கண்ணியாகச் சேர்ப்பவர்களை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கும்.

கோளாறு பெரியதல்ல. அறைகளுக்கெல்லாம் இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் சர்வர் கம்ப்யூட்டர், பழைய கட்டடத்தின் கோடியில் துணி அடுக்கும் அறையில் இருந்தது. ஓட்டலிலேயே ஈரம் ஏறாத அறை அது ஒன்றுதான். அதன் முதுகில், போர்ட் என்கிற செருகுதுளையிலிருந்து ஒரு கேபிள் கிளம்பி, தாழ்வாரத்தின் ஓரமாக வந்து, முன்கட்டில் இருக்கும் வைஃபை பெட்டியில் சேரும். கேபிளின் இரண்டு முனைகளும் முதலில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். உனக்கு எவ்வளவு வேகம் முடியும், எனக்கு எவ்வளவு முடியும் என்று பேசி ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும். ஈரத்தில் ஊறிப்போன அந்தக் கேபிளில் இரண்டும் நொடிக்கு ஆயிரம் மெகாபிட் என்று ஒத்துக்கொள்வதும், கொஞ்ச நேரத்தில் முறித்துக்கொள்வதும், மறுபடி கூடுவதுமாக இருந்தன. கல்யாணமான புதிதில் என் வீடு இருந்தது போல. அதனால் இன்டர்நெட் வந்து வந்து போனது.

சர்வருக்குள் நுழைந்து, போர்ட்டின் வேகத்தை ஒரே வரிக் கட்டளையில் நாமே நிர்ணயித்துவிடலாம். மவுஸ் கிடையாது, படம் கிடையாது. எழுத்தாகத் தட்ட வேண்டும், அது எழுத்தாகப் பதில் சொல்லும். பார்க்கிறவர்களுக்கு நாம் ஏதோ ராக்கெட் விடுகிற மாதிரி இருக்கும். அந்த மயக்கத்தில்தான் மேனேஜர் அம்மாவிடம், "ராக்கெட் மாதிரி பறக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, "இனிப் பேச்சுவார்த்தை வேண்டாம், ஆயிரத்திலேயே ஓடு" என்று பொருள்படும் கட்டளையைத் தட்டினேன். ஆயிரத்தில் ஓட வேண்டுமென்றால் இரண்டு முனைகளும் பேசித்தான் ஆக வேண்டும். இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி. நான் பேச்சையும் நிறுத்தி ஆயிரத்தையும் கேட்டேன். இணைப்பு செத்தது.

அதைவிட அழகு, நான் சர்வருக்குள் நுழைந்திருந்ததே அந்தக் கேபிள் வழியாகத்தான். கிணற்றுக்குள் இறங்கியவன் கீழே நின்றுகொண்டே கயிற்றை அவிழ்த்துவிட்ட கதை. இனி மேலேயிருந்து யாராவது எட்டிப் பார்த்தால்தான் உண்டு.

அந்த நேரம் பார்த்துக் குழுவின் வேன் வந்து நின்றது. குழுவுக்குத் தலைவியான பெண் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்து, மேனேஜர் அம்மாவிடம் நேரடியாகச் சொன்னாள். "அக்கா, நாலு மணிக்கு வெளிநாட்டுக்காரங்களோட வீடியோ மீட்டிங். அது ஒழுங்கா நடந்தா தங்கறோம். இல்லைன்னா இப்பவே சேலம் இறங்கிடறோம். தப்பா நினைச்சுக்காதீங்க." போனை எடுத்துப் பார்த்தாள். "வைஃபை வரலையே?"

நான் என் செருப்பைப் பார்த்தேன். மேனேஜர் அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். மழை ஓய்ந்து, ஏரியை மொத்தமாக விழுங்கிக்கொண்டு மேகம் இறங்கியிருந்தது.

"மேகம் எறங்கியிருக்குதுங்க," என்றார், முகத்தில் ஒரு மடிப்புகூட மாறாமல். "இந்த மலைல மேகம் எறங்குனா நெட்டு செத்த நேரம் அசந்து கெடக்கும். மேகம் கலைஞ்சா தானா எந்திரிச்சுக்கும். அதுக்குள்ள சூடா பஜ்ஜி சாப்பிடுங்க. வாழக்காயும் இருக்குது, மொளகாயும் இருக்குது."

படித்த பிள்ளைகள் அத்தனை பேரும் அதை நம்பினார்கள். மேகத்தைப் போட்டோ எடுக்கத் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். மேனேஜர் அம்மா என் பக்கம் குனிந்தார். "மேகம் கலையறதுக்குள்ள எழுப்பிப்போடுங்க, இன்ஜினியர். அதுக்கு மேல எனக்குச் சொல்றதுக்குப் பொய் இல்லீங்க."

ஓடினேன். கேபிள் செத்த பிறகு சர்வருக்கு எதிரில் போய் உட்கார்ந்து தட்டுவதுதான் ஒரே வழி. நடுவில் ஒரு தடவை வழுக்கி விழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு மறுபடி ஓடினேன். துணி அறையில் செம்மநத்தத்துப் பெண்கள் போர்வை மடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் அவர்களுடைய பைகள் ஏற்கெனவே கட்டி வைக்கப்பட்டிருந்தன. எந்தப் பக்கம் முடிந்தாலும் தயாராக இருக்கலாம் என்று. சர்வர் அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. அதற்கென்று இருந்த திரையைக் கோடையில் யாரோ காவல் கேமரா பார்க்கக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கீபோர்டு மட்டும் தலையணை உறைகளுக்கு அடியில் கிடந்தது. திரை இல்லாமல் நான் என்ன தட்டுகிறேன் என்று எனக்கே தெரியாது. திரை இருந்தாலும் அப்படித்தான் என்பது வேறு விஷயம்.

"டிவி போதுங்களா, சார்?" என்றார் அவர்களில் மூத்த அக்கா. வரவேற்பறை டிவியை இரண்டு பெண்கள் குழந்தையைத் தூக்கி வருவது போல, போர்வை சுற்றிக் கொண்டுவந்தார்கள். வயரைச் செருகினேன். பெரிய கறுப்புத் திரையில் உள்ளங்கை அகலத்துக்கு எழுத்துகள் தெரிந்தன. போர்வை மடிப்பது நின்றது. எல்லாரும் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள்.

 வேகத்துக்கான ஆங்கிலச் சொல்லில் ஒரு எழுத்தை விழுங்கினேன். "இப்படியொரு கட்டளை கிடையாது" என்று டிவி முழுக்கப் பதில் வந்தது. திருத்தினேன். இந்த முறை ஒரு எழுத்து கூடிவிட்டது. அதே பதில்.

"அதென்னுங்க, அதே வரி திரும்பத் திரும்ப வருது?" என்றாள் ஒரு பெண்.

"திட்டறாப்பல இருக்குது," என்றார் மூத்த அக்கா. "பாவம், மனுசனுக்கு வேர்த்துக் கொட்டுது. கண்ணு, அந்தத் துண்ட எடுத்துக் குடு."

குளிரில் எனக்கு வேர்த்திருந்தது உண்மை. ஓட்டல் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேனேஜர் அம்மா, அடிக்குரலில்: "ஏனுங்க, மேகம் கலையுதுங்க. ஏரிக்கரை தெரியுது."

"ஆயிரத்துல வைக்கத்தான் பாக்கறனுங்க, புடிக்க மாட்டேங்குது."

"ஆயிரமெல்லாம் யாருங்க கேட்டாங்க? பறக்க வேண்டாம். நின்னு நின்னு வராம இருந்தாப் போதும். அய்யோ, படகுத்துறையே தெரியுதுங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேலத்திலிருந்து மலையேறி அந்த ஓட்டலுக்கு வருகிற இன்டர்நெட்டே நூற்றுக்கு உள்ளேதான். வருகிற தண்ணீர் அரைக்குழாய், உள்ளே நான் ஆயிரம் குழாய்க்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எதற்கு? ராக்கெட் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டதற்காக. நூறு என்றால் அந்த ஈரக் கேபிளும் தாங்கும். பேச்சுவார்த்தையை மறுபடி திறந்துவிட்டு, "தாராளமாகப் பேசிக்கொள்ளுங்கள், ஆனால் நூற்றுக்கு மேல் பேசாதீர்கள்" என்று பொருள்படும் வரியை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லித் தட்டினேன். பெண்களும் கூடவே முணுமுணுத்தார்கள். எண்டரை இந்த முறை ஆள்காட்டி விரலால் அழுத்தினேன்.

எதுவும் நடக்கவில்லை. போனில், "எதிர்க்கரை மரமெல்லாம் தெரியுதுங்க, அந்தப் புள்ள போனைக் கையில எடுத்துட்டாளுங்க" என்று கேட்டது. பிறகு சர்வரின் முதுகில் ஒரு பச்சை விளக்கு. கொஞ்சம் யோசித்தது. எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அணையவில்லை.

போனுக்குள் தாழ்வாரத்துப் பிள்ளைகள் கத்துவது கேட்டது. அதற்கு மேலே மேனேஜர் அம்மாவின் குரல்: "நாஞ் சொன்னனில்லீங்க? மேகம் போச்சு, நெட்டு வந்துருச்சு."

மீட்டிங் நடந்தது. தடங்கலில்லாமல் நடந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் அது முடியும்வரை சர்வர் பக்கத்திலேயே போர்வைக் குவியலில் சாய்ந்துகொண்டு, இருமினால்கூடக் கேபிள் அதிரும் என்ற பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

அது முடிந்து நான் வரவேற்பறைக்கு வந்தபோது, தலைவிப் பெண் மேனேஜர் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "அக்கா, இந்த வாரத்தோட இன்னும் ரெண்டு வாரம் சேர்த்து இருந்துக்கலாமா? ரூம் கிடைக்குமா?"

ஓட்டலில் அவர்களைத் தவிர ஓர் ஈ கிடையாது. மேனேஜர் அம்மா நெற்றியைச் சுருக்கினார். "கஷ்டந்தானுங்க. நெறையப் பேரு கேட்டுட்டே இருக்காங்க. எதுக்கும் பாத்துச் சொல்றனுங்க." திரும்பி நிதானமாக நடந்தார். மூலை திரும்பியதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். நானும் பின்னால் போனேன். துணி அறை வாசலில் மூச்சு வாங்க நின்றவர், சுவரோரம் இருந்த பைகளைக் கையால் காட்டி, "அதையெல்லாம் அவுத்துப்போடுங்கக்கா" என்றார். அவ்வளவுதான். மூத்த அக்கா தன் பையின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் அம்மா மட்டும் துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கேபிளை மழை விட்டதும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஆயிரத்திலேயே ஓடுகிறது. போர்ட்டின் வேகத்தை மாற்ற வேண்டி வந்தால் எதிரில் போய் உட்கார்ந்துதான் இன்றும் தட்டுகிறேன். சேலத்திலிருந்தே செய்யலாமே என்று கேட்பவர்களிடம், மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன மாதம், கொட்டுகிற மழையில், மனைவியோடு ஏற்காட்டில் இரண்டு நாள் இருக்கலாமென்று கிளம்பினேன். கிளம்பும் முன் மேனேஜர் அம்மாவுக்குப் போன் செய்தேன். "ரூம் இல்லீங்க, இன்ஜினியர்," என்றார். அவருடைய 'நெறையப் பேரு கேட்டுட்டே இருக்காங்க' கதை எனக்குத் தெரியாதா? சிரித்துக்கொண்டே வண்டியை ஏற்றினேன். போய்ப் பார்த்தால் வாசலில் வேன்கள். அறைக்கு அறை லேப்டாப். மூத்த அக்கா ஒரு கை நிறைய போர்வையோடு என்னை இடித்துக்கொண்டு, "வழிய உடுங்க சார், மேல மூணு ரூமு பாக்கி கெடக்குது" என்று படியேறி ஓடினார். நிஜமாகவே இடமில்லை.

"நாந்தான் சொன்னனுங்களே," என்றார் மேனேஜர் அம்மா, கொஞ்சம் வெட்கத்தோடு. "எங்க ஊட்டுக்குப் போங்க. வாழவந்தில கேட்டா யாரும் காட்டுவாங்க. நொம்பக் குளிருது, ஊட்டுக்காரம்மாவ நனைய விடாதீங்க." மனைவி முறைத்தாள். மலை ஏறி வந்து மழையில் இடமில்லாமல் நிற்பதற்கு எதற்கு இப்படி இளிக்கிறீர்கள் என்று கேட்டாள். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால், முதலில் வண்டியை வாழவந்திக்குத் திருப்பினேன்.