மாமா பறந்த வெள்ளிக்கிழமை

பாலைவனத்தில் பனிச்சறுக்குப் போட்டி என்றால் இன்றைக்கும் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வராது, வயிறு எரியும். துபாயில் ஒரு மாலுக்குள் மெஷின் வைத்துப் பனி கொட்டி ஒரு மலையையே கட்டி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு போட்டிக்காக, வீரர்கள் தாவுகிற மேட்டைத் தயார்செய்ய வாலண்டியர்கள் கேட்டார்கள். என் மாமா, அம்மாவின் தம்பி, முதல் ஆளாகப் பேர் கொடுத்தார்.

துபாயெங்கும் காசில்லாமல் கட்டடங்கள் பாதியில் நின்றுபோன சமயம் அது. மாமாவின் சைட்டையும் மூடி, தொழிலாளர்கள் தங்கும் கேம்பைக் காலிபண்ணச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து அஜ்மானில் எங்கள் வீட்டு ஹாலில்தான் பாய் விரித்துப் படுத்திருந்தார். மாதக் கடைசிக்குள் வேலை கிடைக்காவிட்டால் ஊருக்கு ஃபிளைட் ஏற வேண்டியதுதான். பனிமலையில் ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சும்மா வேலை செய்யப் போவதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று அப்பா கேட்டார்.

“ஒருவாட்டி உள்ள காலு வச்சிட்டா போதும் அத்தான். நம்ம வேலையப் பாத்தா விடமாட்டானுவ.”

சாயங்காலம் வந்ததும் தலையணைகளை அடுக்கி, மேலே போர்வையைப் போட்டு எனக்கு அந்த மேட்டைச் செய்து காட்டுவார். பனியை அள்ளிக் குவித்துப் பலகையால் தட்ட வேண்டும். பிறகு வரிசையாக நின்று, பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து மிதிமிதியென்று மிதிக்க வேண்டும். உப்பைத் தூவினால் மேல்பனி இளகி, திரும்பக் கல்லாகிவிடும். கடைசியில் நீலச் சாயத்தில் ஒரு கோடு, இல்லாவிட்டால் விளிம்பு எங்கே என்று தாவுகிறவனுக்குத் தெரியாது. சமையலறை உப்பைத் தலையணையில் தூவி அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மற்ற வாலண்டியர்கள் பொழுதுபோக்க வந்த வெள்ளைக்காரர்கள், ஆபீஸ்காரர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு காபி குடிக்கப் போய்விடுவார்களாம். மாமா மட்டும் மிதித்துக்கொண்டே இருப்பாராம், பாவி மனுஷன்.

“மாமாவும் ஒரு தாவு தாவப் போறேன் மக்ளே” என்று விளையாட்டாகச் சொன்னதை நம்பி, வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

போட்டி நடந்த வெள்ளிக்கிழமை காலை கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் அம்மாவும் நானும் நின்றோம். அந்தப் பக்கம் சூப்பர்வைசர் மாமாவைக் கூப்பிட்டு, ஒரு பிளாஸ்டிக் தட்டைக் காட்டி ஏதோ சொன்னார். சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மாமா மேலே ஏறி, தட்டில் உட்கார்ந்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். வழுக்கி வந்தார், நீலக்கோட்டைத் தாண்டிப் பறந்தார், பக்கவாட்டில் விழுந்து உருண்டார். உள்ளே எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணாடிக்கு இப்பால் சத்தமே கேட்கவில்லை.

நான் கை சிவக்கத் தட்டினேன். அம்மா தட்டவில்லை. மாமா எழுந்து எங்களைப் பார்த்து இடது கையை ஆட்டினார். பிறகு அதே கையால் பனி வாரும் ரேக்கை எடுத்து, தான் விழுந்த பள்ளத்தை நிரவத் தொடங்கினார்.

இறங்குகிற இடம் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். “தாவிக் காட்டு, வேலைக்கு நானாச்சு” என்றானாம் அந்தச் சூப்பர்வைசர், நாசமாய்ப் போக. வலது மணிக்கட்டு எலும்பு உடைந்திருந்தது. வாலண்டியருக்கு இன்ஷூரன்ஸ் மாஃபி, ஒரு பைசா கிடையாது. உடைந்த கைக்காரனை வேலைக்கு எடுக்க முடியாது என்று அவனே போனில் சொன்னான். இதையெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது நான் காலேஜ் போன பிறகு.

அன்று எனக்குத் தெரிந்தது, மாமா லீவில் ஊருக்குப் போகிறார் என்பது மட்டும்தான். மாவுக்கட்டு, பெரிய தாவல் தாவியவர்களுக்குப் போடுவது என்று நினைத்தேன். ஏர்போர்ட்டில் அதில் கையெழுத்துக்கூடப் போட்டேன்.

“லீவு முடிஞ்சு வந்து இன்னொரு வாட்டி தாவுவீங்களா மாமா?”

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். மாமா சிரித்தார், இடது கையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவரிடமிருந்து பதில் வாங்கவிடாமல் செய்துவிட்டாள் என்று, வீடு வந்து சேரும்வரை நான் அம்மாவோடு பேசவில்லை.