அக்காவின் முற்றத்தில் பொடுதலை

நான் முப்பது வருடத்துக்கு மேல் குடியிருந்த ஊரில் பாதி வருடம் நிலம் இரும்பாகக் கிடக்கும். கனடாவின் நடுவே உள்ள வறண்ட சமவெளி அது. மழையும் குறைவு, பனியும் குறைவு. குளிர்தான் செடிகளைக் கொல்லுகிறது என்று நினைத்துக்கொண்டு வைக்கோலும் சாக்குமாகப் போர்த்துப் பார்த்தேன். கொல்லுவது குளிரோடு வரும் காய்ந்த காற்று என்பது எனக்கு விளங்குவதற்குள் ஏகப்பட்ட செடிகள் போய்விட்டன. முதல் வருடம் பனி கரைந்ததும், காய்ந்து கிடந்ததையெல்லாம் செத்துவிட்டது என்று கிண்டி எறிந்தேன். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் எறிந்த குப்பைக்குள் இருந்து ஒன்று முளைவிட்டிருக்கிறது. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

பிறகு பழகிவிட்டேன். பசளை போட்டுக் கொழுக்க வைத்த செடி அந்த ஊரில் நிற்காது. கல்லும் மணலுமான இடத்தில் அரைப் பட்டினியில் வளர்ந்தது நிற்கும். நிலத்தோடு ஒட்டிப் படருகிற தைம் என்கிற வாசனைச் செடி, தடித்த இலைப் பூண்டுகள் எல்லாம் அப்படிப்பட்டவை. வருடாவருடம் தாங்களே எழும்பி வரும். "உம்மைப் போல முரட்டுச் சாதி" என்று என் மனிசன் பகிடி பண்ணுவார். அவர் போன பிறகு அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு தனியே இருக்க எனக்கு மனமில்லை. பிள்ளைகள் தங்கள் தங்கள் பாட்டில் இருந்தார்கள். பிறந்த ஊரான ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டில் அக்கா தனியாக இருந்தார். நான் வந்துவிட்டேன்.

"இனி இஞ்சைதான் இருக்கப்போறன்" என்று வந்த அன்றே சொன்னேன்.

"ஓம், ஓம்" என்றார் அக்கா. அலுமாரியில் இருந்து விருந்தாளிகளுக்கு எடுக்கிற பூப்போட்ட கோப்பையை எடுத்து எனக்குத் தேத்தண்ணி தந்தார். மாதங்கள் போயும் அந்தக் கோப்பை மாறவில்லை. குசினிக்குள் நான் ஒரு சட்டியைத் தொட்டாலும் "நீ இரு" என்று பறித்துவிடுவார். முந்தியும் நான் இரண்டு தரம் வந்து, மூன்று கிழமை நின்றுவிட்டுப் போனவள். இந்த முறையும் அப்படித்தான் என்று அவருக்கு நிச்சயம். அவர் என்னை நம்ப வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு எதுவும் தேவையாக இருக்கவில்லை. அதை எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டிருக்க ஏலாமல் முற்றத்துக்குப் போனேன்.

எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. சோளகக் காற்று எழும்பினால் தென்மேற்குப் பக்கத்து மணல் முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடும். சோறு நறநறக்கும். கிணற்றுத் தண்ணீர் உவர், குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டியில் வருகிறது. காய்ந்த காற்று, மெலிந்த மண், தண்ணீர்ப் பஞ்சம்: சூட்டை விட்டால் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம்தான். குளத்தடியில் பொடுதலை தானாகப் படர்ந்து கிடந்தது. கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும், உவரையும் தாங்கும், வெயிலில் சுருண்டாலும் வேரில் உயிர் இருக்கும். மாரி மழை தொடங்க, கணுக்களோடு வெட்டிக் கொண்டுவந்து கிணற்றடியில் இருந்து வேலி வரைக்கும் ஊன்றினேன். மார்கழி முடிய நல்ல பச்சை பிடித்துவிட்டது.

பொங்கலுக்கு முதல் நாள் பட்டினத்துக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வந்தால், முற்றம் வழித்த தட்டுப் போலக் கிடக்கிறது. அக்கா மண்வெட்டியால் ஒரு இலை மிச்சம் விடாமல் செருக்கி, கூட்டி, வேலியோரம் குவித்திருந்தார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். "என்ன வேலை பாத்தனீங்கள்?" என்று கத்தினேன்.

"பொங்கலுக்கு முத்தம் துப்பரவா இருக்கவேண்டாமே?"

"அது புல்லில்லை, நான் வைச்சது!"

அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். "சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்து திரும்பி வரேக்கை எங்கடை வீடு எதெண்டு எனக்கு அடையாளம் தெரியேல்லை. வாசல் வரைக்கும் பத்தை. அண்டைக்குச் செருக்கத் தொடங்கினனான். முத்தத்திலை பச்சை நிண்டா வீட்டிலை ஆளில்லை எண்டுதான் எனக்குத் தெரியும்."

அதற்குமேல் என்னால் சண்டை பிடிக்க முடியவில்லை. ஆனால் மனமும் விடவில்லை. குவியலில் இருந்து உயிருள்ள கணுக்களைப் பொறுக்கிக்கொண்டுபோய், வேலி ஓரமாக, அவர் அதிகம் போகாத இடத்தில் மறுபடி ஊன்றினேன். அரிசி கழுவின தண்ணீரும் மீன் கழுவின தண்ணீரும் அதற்குத்தான் போயிற்று.

வைகாசியில் அக்காவுக்குக் கண் ஒப்பிரேசன். வலது கண்ணில் புரை முற்றி, வேலியில் இருக்கிற காகத்தைச் சேவல் என்று சொல்லுமளவுக்கு வந்திருந்தது. ஆசுப்பத்திரியில் கொடுத்த நாளோ சோளகம் தொடங்குகிற நேரம். காற்று முடியட்டும் என்று தள்ளிப்போடப் பார்த்தவரை நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கண்ணுக்குள் தூசி போகக்கூடாது, குனியக்கூடாது, கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று டாக்குத்தர் கண்டிப்பாகச் சொன்னார்.

அக்கா கறுப்புக் கண்ணாடியோடு யன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். விடிந்ததும் விளக்குமாற்றுச் சத்தம் கேட்காவிட்டால், "நான் எழும்பவோ?" என்பார். கூட்டினால் மண் கிளம்பும். கூட்டாவிட்டால் அவரே விளக்குமாற்றோடு வந்துவிடுவார். நான் என்ன செய்வேன்? காற்றுப் படாத கிழக்குப் பக்கத்தில், அவருடைய யன்னலுக்குக் கீழே கிடந்த ஒரு சின்னத் துண்டை மாத்திரம் ஈரப்படுத்தி, அதையே திரும்பத் திரும்பக் கூட்டினேன். மற்றப் பக்கத்தில் பொடுதலை தன் பாட்டில் நடந்துவந்தது. கிணற்றடியைத் தாண்டியது. குசினி வாசலையும் பிடித்தது. ஒவ்வொரு நாளும் மாவைக் குழைக்கும்போதும் சோற்றைக் கிளறும்போதும் விரலால் மண்ணைத் தேடிப் பார்ப்பேன். ஆனிக்குள் சோறு நறநறப்பது நின்றுவிட்டது. சந்தோசப்படவும் பயம். வெளியே வந்து பார்த்தால் அக்கா மண்வெட்டியைத்தான் கேட்பார்.

டாக்குத்தர் கண்ணாடியைக் கழற்றலாம், குனியலாம் என்று சொன்னதற்கு அடுத்த நாள் காலை, நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்க, அக்கா குசினி வாசலால் இறங்கிவிட்டார். நான் கேத்திலை வைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். சோளகம் அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தது. வேலி வரைக்கும் ஒரே பச்சை. நடுவே சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். அக்கா அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டு விழப்போகிறது என்று நான் வாயில் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"யன்னலடியிலை ஒரே துண்டை எத்தினை தரமடி கூட்டினனீ? சத்தத்திலை எனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"நீ எப்ப அலுத்துப்போய் விடுறாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

குனிந்து ஒரு பூவைத் தொட்டார். அதன் கொடியை இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை. பிறகு நிமிர்ந்து, புதுக் கண்ணால் முற்றத்தை மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"வாசல் கேற்றடிக்கும் கொஞ்சம் வெட்டி வை" என்றார். "மற்றக் கண்ணை வாற வருசம் செய்வம். நீதானே கூட்டிக்கொண்டு போகவேணும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மண் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கலாமென்று பார்த்தால், அவ்வளவு காற்றிலும் முற்றத்தில் ஒரு பொட்டு மண் எழும்பவில்லை.