மயில்சாமி நீங்கலாக

திருப்பூர் ராயபுரத்தில் சிவசுப்பிரமணியம் முதலாளியின் பனியன் கம்பெனி வாசலில் ஒரு பலகை தொங்கும்: ‘ஞாயிறு நீங்கலாக எல்லா நாளும் வேலை உண்டு.’ அங்கே வேலை பார்த்த மயில்சாமி தன் வாழ்நாளில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வாசகம் அதுதான். அதிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்து அவன் ஒரு மனிதரை இருபது வருஷம் அரித்தான்.

ஐம்பதுகளில் கம்பெனிக்குக் கரண்டு மிஷின் வரவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினால்தான் துணி இறங்கும். சுற்றிச் சுற்றி மயில்சாமியின் கை உலக்கையாக இறுகிப்போயிருந்தது. முதலாளியின் மைத்துனர் குமாரசாமிக்கோ குத்துச்சண்டைப் பித்து. போத்தனூரிலிருந்து ரிட்டயர் ஆன ஒரு ரயில்வே சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், வந்து பஞ்சுக் குடோனில் கற்றுக்கொடுப்பார். குத்துப் பழக ஒரு ஆள் வேண்டுமே. மிஷினை நிறுத்தி மயில்சாமியைக் கூப்பிட்டார்கள்.

மாதக்கணக்கில் குத்து வாங்கினான். வாங்க வாங்கக் கற்றுக்கொண்டும்விட்டான். ஒரு நாள் அவன் இடது கை குமாரசாமியின் தாடையில் இறங்கியது. அவர் கழிவுத் துணிக் குவியலில் போய் உட்கார்ந்தார். சட்டைக்காரர் பத்து எண்ணி முடித்தும் எழுந்திருக்கவில்லை. வாசலில் நின்று பார்த்த முதலாளி சத்தம்கூடப் போடவில்லை.

“இங்க ஒண்ணும் நடக்கல கண்ணு. போய்ச் சக்கரத்தச் சுத்து” என்றார்.

அடித்திருந்தால்கூட மயில்சாமி மறந்திருப்பான். நடந்ததை நடக்கவில்லை என்றதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இதே குமாரசாமியை ஊர் பார்க்க ஒரு தடவை விழவைக்க வேண்டும், அதற்கப்புறம் செத்தாலும் சரி என்று அன்றைக்கே மனதில் முடிந்து வைத்தான்.

முதலாளி கெட்டிக்காரர். அடுத்த வருஷமே ‘மல்லன் மார்க்கா’ பனியன் கடைக்கு வந்தது. டப்பா மூடியில் குமாரசாமி முஷ்டியை உயர்த்தி நின்றார். அடியில் கொட்டை எழுத்தில் ‘தோற்றதே இல்லை’. பிறகு எப்படித் தோற்க விடுவார்? கூடாரம் அடித்து, டிக்கெட் போட்டுச் சண்டை நடத்தினார். எதிரில் நின்றவர்களைத்தான் பார்க்க வேண்டும். ஈரோட்டிலிருந்து ஒரு அரைக்கிழவன், தாராபுரத்திலிருந்து ஒரு குடிகார பஸ் கிளீனர். மூச்சு விட்டாலே விழுகிற ஆட்கள். இதைப் பார்த்து மற்ற பனியன் முதலாளிகளும் ஆளுக்கொரு வீரனை வளர்த்தார்கள். கொஞ்ச நாளில் திருப்பூரில் தோல்வியே காணாத சூரர்கள் நான்கு பேர் ஆனார்கள். நால்வரும் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்ததே கிடையாது. பார்த்தால் ஒரு டப்பா குப்பைக்குப் போய்விடுமே.

ஆனாலும் ஊருக்குக் கண் இருந்தது. மயில்சாமியோடு விடுங்கள் என்று ஜனங்கள் கேட்டார்கள். முதலாளியும் சரி என்று நோட்டீஸ் அடித்தார். சண்டைக்கு முதல் நாள், குமாரசாமிக்குச் சளி என்றார். அடுத்த முறை, இருவருக்கும் எடை ஒத்துவரவில்லை என்றார். மூன்றாவது முறை சாமியையே இழுத்தார். கோயிலில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டி வைத்து உத்தரவு கேட்டாராம். முருகன் பூக் கொடுக்கவில்லையாம். முருகனை எதிர்த்து யார் பேசுவது?

அந்த வருஷச் சண்டைக்கு மயில்சாமி கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு போய் முன் வரிசையில் நின்றான். ஒலிபெருக்கிக்காரர், “இந்த ஜில்லாவில் நம் குமாரசாமியை வீழ்த்தியவர் ஒருவருமில்லை” என்று முழங்கினார்.

“மயில்சாமி நீங்கலாகங்க” என்றான் இவன், ரொம்ப மரியாதையாக.

கூடாரமே சிரித்தது. மறுநாள் அவனுக்கு வேலை போயிற்று. ராயபுரத்தில் வேறு கம்பெனியும் சேர்க்கவில்லை. நொய்யல் கரைச் சலவைப்பட்டறையில் துணி பிழிகிற வேலைக்குப் போனான். ஆனால் அவன் சொன்ன அந்தச் சொல் தன் வேலையை நிறுத்தவில்லை. டீக்கடையில் எவனாவது, “வீட்டுல நான் வெச்சதுதான் சட்டம்” என்றால் பக்கத்திலிருப்பவன், “உன்ற சம்சாரம் நீங்கலாத்தானே?” என்பான். டப்பாவைக் கையில் எடுக்கும் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லின. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

மயில்சாமி ஒவ்வொரு துணியையும் குமாரசாமியின் கழுத்தாக நினைத்துப் பிழிந்தான். கையின் இறுக்கம் தளரவில்லை. துணிப்பட்டை கொடியிலேயே தொங்கியது. “இலவு காத்த கிளியாட்டம் எத்தன நாளைக்குங்க?” என்று கேட்டுக் கேட்டு மனைவி மருதாள் ஓய்ந்துபோனாள்.

எழுபதுகளில் முதலாளி காலமானார். மல்லன் மார்க்காவும் படுத்துவிட்டது. ஒரு பகல், பட்டறைக்குக் குமாரசாமி தனியாக நடந்து வந்தார். தலை நரைத்திருந்தது. அதுவரை ‘டேய்’ என்றே கூப்பிட்டவர் இப்போது மரியாதை கொடுத்தார்.

“ஏனுங்க மயில்சாமி, ஒருக்கா மோதிப் பாத்தர்லாமுங்களா?”

இந்தக் கேள்விக்காகத்தான் அவன் இத்தனை காலம் சோறு தின்றான். ஆனால் வாயில் வந்தது வேறு.

“சளி புடிச்சிருக்குதுங்க. ஆறட்டுங்க.”

குமாரசாமி போய்விட்டு அடுத்த மாதம் வந்தார். “எடை ஒத்துவராதுங்க” என்றான். மறுபடி வந்தார். “பூக் கேட்டுப் பாத்தனுங்க. முருகன் குடுக்கலீங்க.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சலவைக் கல்லில் தளர்ந்து உட்கார்ந்தார்.

“இது எங்க மச்சான் சொன்னதுங்க.”

“ஆமாங்க. ஒரு சொல்லுகூடக் கொறைக்கலீங்க.”

“எல்லாம் அவரு பண்ணுனது. எவனுங்க நெசமா மோதுனான், எவனுங்க காசுக்கு விழுந்தான்னு எனக்கே தெரியல. என்ற பையனே ‘நீங்கலா’ன்னு சிரிக்கறானுங்க. கதவச் சாத்திட்டு வேண்டியதில்ல, ஊரக் கூட்டியே அடிங்க. நான் விழுந்தாலுஞ் சரி.”

மயில்சாமியின் விரல்கள் தாமாகவே மடங்கின. ஊர் பார்க்க, அதே தாடை. கேட்டது கைக்கு வந்துவிட்டது. ஒரு குத்துப் போதும். ஆனால் அந்த முகத்தில் இருந்தது பயமல்ல, ஆசை என்று கண்டதும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“நான் அடிச்சா நீங்க தோத்தவராயிருவீங்க. தோத்தவன் தூசியத் தட்டிட்டு எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிரலாமுங்க. உங்கள நான் போவ உடமாட்டனுங்க. தோக்காதவராவே இருந்துக்கங்க.”

குமாரசாமி அதற்கப்புறம் வரவில்லை. மயில்சாமி கொடியிலிருந்த துணிப்பட்டையை எடுத்து மூட்டை கட்டப் பயன்படுத்திக்கொண்டான். மனதுக்குள் வஞ்சம் தீர்ந்த இடம் இனிக்கத்தான் செய்தது. யாரிடமும் அதை அவன் மறைத்ததில்லை.

சில வருஷம் கழித்துக் குமாரசாமி இறந்துபோனார். சுவரெல்லாம் ஒட்டியிருந்த நோட்டீசில் பழைய டப்பாப் படத்தையே போட்டு, ‘தோல்வியே காணாத வீரர்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

“ஏனுங்க, பகையெல்லாம் அவரோட போச்சு. ஒரு எட்டு எழவுக்குப் போயிட்டு வந்துருங்க” என்றாள் மருதாள்.

“சளி புடிச்சிருக்குது புள்ள” என்றான்.

அன்றைக்கு ராயபுரமே திரண்டு மயானத்துக்குப் போயிற்று. மயில்சாமி நீங்கலாக.