யாவும் கற்பனையே

“சார், இது நீங்க கண்டதா, கேட்டதா?”

கையெழுத்துப் பிரதியின் முதல் வரியிலேயே ஃபர்ஹத்தின் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. எதிரே, ஓய்வுபெற்ற தாசில்தார் குற்றாலலிங்கம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ‘பிறந்தபோது நான் அழவில்லை; புன்னகைத்தேன்’ என்று அவருடைய தன்வரலாறு தொடங்குகிறது. அம்மா சொன்னதுதான் என்று இழுத்தார். அப்படியானால் ‘அம்மா சொன்னாள்’ என்று சேர்த்துவிடலாம் என்றார் ஃபர்ஹத். கம்பீரம் போய்விடுமே என்று தாசில்தார் மன்றாடிப் பார்த்தார். ஒரு தாலுகாவின் பட்டாவையெல்லாம் திருத்திய மனிதரால் அந்த ஒற்றை வரியைக் காப்பாற்ற முடியவில்லை.

பாளையங்கோட்டையில் மாடியறை ஒன்றில் இயங்கும் சின்னப் பதிப்பகத்துக்கு ஃபர்ஹத்தான் எடிட்டர். மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். படிக்கும்போது எங்காவது பொய் வாசம் அடித்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியால் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினாலே எதிரில் இருக்கும் எழுத்தாளர் தன் தாள்களைத் தானே புரட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கதை, கவிதை எழுதுகிறவர்களிடம் அவருக்கு வம்பில்லை. நடந்ததை எழுதுகிறேன் என்று வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். கண்டதா, கேட்டதா, தேடினதா, நினைச்சதா? இந்த நாலுக்கும் பதில் சொல்லாமல் யாரும் அந்த மேசையைக் கடந்ததில்லை. கண்டதை எழுதினால் நினைவுக்குறிப்பு, பயணநூல். இன்னொருவர் வாழ்க்கையைக் கேட்டு எழுதினால் சொன்னவர் யாரென்று தெரிய வேண்டும். தேடியெடுத்தது வரலாறு என்றால், எங்கே கிடைத்தது என்று காட்டியாக வேண்டும். நினைத்ததை எழுதினால் கட்டுரை. அதற்குச் சாட்சி வேண்டாம், நேர்மை போதும். மணிமுத்தாறு அருவியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பயணக் கட்டுரை எழுதிவந்த ஒருவரிடம், “நனஞ்சியளா?” என்று மட்டும் கேட்டார். பாவம், அந்த மனுஷர் பஸ்ஸை விட்டே இறங்கவில்லை.

இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ‘அபுனைவு’, அதாவது புனைவு அல்லாதது, என்று யாராவது சொன்னால் ஃபர்ஹத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். “பொம்பளைய ‘ஆம்பள இல்லாதது’ன்னு கூப்பிட்டா எவ திரும்பிப் பாப்பா?” என்பார்.

இத்தனை கறாரான ஃபர்ஹத்தும் ஒருமுறை கோட்டைவிட்டார், அன்னத்தாயின் புத்தகத்தில்.

அன்னத்தாய் மாஞ்சோலை எஸ்டேட்டில் வாழ்நாளெல்லாம் தேயிலை பறித்தவர். கம்பெனி வீடுகளைக் காலிசெய்துவிட்டுத் தொழிலாளர்கள் மலையை விட்டு இறங்கியபோது கூடவே இறங்கியவர். பிறந்தது, கட்டிக்கொண்டது, பிள்ளை பெற்றது எல்லாம் மேலே ஒரே வீட்டில். கீழே வந்தபிறகு மனம் கேட்காமல் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தார். ஃபர்ஹத் அதை வரி வரியாகப் பார்த்தார். அன்னத்தாயை வயிற்றில் சுமந்தபடி அவர் அம்மா மலையேறிய இடத்தில் வழக்கமான கேள்வி வந்தது. அன்னத்தாய் சிரித்துக்கொண்டே ‘எங்கம்மா சொல்லுவா’ என்று சேர்த்துக்கொடுத்தார். அன்றிலிருந்து அந்த அம்மாளை ஃபர்ஹத்துக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வெளியீட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு புத்தகக் கட்டுகள் வந்தன. முதல் பிரதியை மார்போடு அணைத்தபடி வீட்டுக்குப் போன அன்னத்தாய், மறுநாள் காலை அலுவலகம் திறக்கும்போதே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிப் பிடித்திருந்தார்.

நாமெல்லாம் விலையும் முகவரியும் இருக்கும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகிறவர்கள். அன்னத்தாய் எழுத்துக் கூட்டி வாசிப்பவர்; எதையும் தாண்டமாட்டார். முன்பு போட்ட ஒரு நாவலின் பக்கத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி வைத்திருந்தார் பதிப்பாளர் கணேஷ்ராம். அதில் அடியில் கிடந்த வரி அப்படியே வந்துவிட்டது: ‘இந்நூலில் வரும் பெயர்கள், இடங்கள், நிகழ்ச்சிகள் யாவும் கற்பனையே.’

“இதுக்கு மேல படிக்கல தாயி,” என்றார் அன்னத்தாய். “அந்த வீடு இப்பம் நமக்கு இல்ல. சரி, போவட்டும். இருந்ததே இல்லன்னும் ஆயிட்டா?”

ஃபர்ஹத் கண்ணாடியைக் கழற்றினார். இந்தமுறை துடைத்தது தன்னுடைய பொய்க்காக. நாலு கேள்வியையும் ஊரெல்லாம் கேட்டவர், அந்தப் பக்கத்திடம் கேட்கவில்லை.

கணேஷ்ராம் நல்ல மனுஷர்தான். அந்தப் பக்கத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்றார். நாளை எவனாவது வம்புக்கு வந்தால் அந்த வரியே நமக்குக் காவல் என்றார். அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம் என்றார். கடைசியில், மேலே வெள்ளைத் தாள் ஒட்டிவிடலாமே என்று இறங்கி வந்தார்.

“ஒட்டுனா மறைச்ச மாதிரி இருக்கும் அண்ணாச்சி. கோடு போட்டு அடிச்சது தெரியட்டும்,” என்றார் ஃபர்ஹத். “எல்லாத்துலயும் அடிச்சு முடிக்கிறவரைக்கும் இங்கன இருந்து ஒரு கட்டு கீழ இறங்கப்படாது.”

இறங்கவில்லை. கட்டுகளை அவிழ்த்துத் தரையில் பரப்பி, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். அன்னத்தாய் கையிலிருந்த பிரதியைத்தான் முதலில் வாங்கினார். ஸ்கேல் வைத்து ‘கற்பனையே’ மீது கோடிழுத்தார். மேலே ‘கண்டவையே’ என்று எழுதப்போன பேனா, பாதியில் தயங்கியது.

“அம்மா மலையேறுனது நீங்க கண்டதில்லலா, அக்கா?”

“கேட்டதுதான்,” என்றார் அன்னத்தாய்.

‘கண்டவையும் கேட்டவையுமே’ என்று எழுதி ஃபர்ஹத் நீட்டினார். அன்னத்தாய் அந்த வரியின் தொடக்கத்தில் விரலை வைத்தார். உதடு அசைய, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டு முற்றுப்புள்ளி வரை வந்தார். ஈரமாயிருந்த மையை ஊதினார். பிறகு, மூன்றாம் பக்கத்துக்கு விரலை நகர்த்தினார்.